இலையின் மறுபக்கம்

நுழையும்முன்

பப்பாளித் தோட்டமொன்றைச் சிலந்திப்பேன் தாக்கிய கோடைக்காலத்தை, அத்தோட்டத்து உழவரின் மகள் இக்கட்டுரையில் நினைவுகூர்கிறார். அப்போது அவர் பதினோராம் வகுப்பு மாணவி. அந்தக் கோடையில் அவர் செய்த பிழையும் கற்ற பாடமும் இங்கே அவருடைய சொற்களிலேயே அமைந்துள்ளன.

எங்கள் தோட்டத்தின் கணக்கு

2010ஆம் ஆண்டு மாசி மாதம். நான் பதினோராம் வகுப்பின் இறுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். தாராபுரத்துக்கு அருகே, அமராவதி ஆற்றுக்குச் சற்றுத் தொலைவில் இருந்த எங்கள் நிலத்தில் ஓர் ஏக்கர் பப்பாளி நின்றது. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் நட்ட 1200 மரங்கள். முந்தைய ஆண்டு ஆனி மாதத்தில் முழங்கால் உயரக் கன்றுகளாக இருந்தவை, இப்போது தண்டைச் சுற்றிக் காய்களைச் சுமந்து நின்றன. அம்மாவின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வாங்கிய பணத்தில் வளர்ந்த மரங்கள் அவை. அவற்றின் முதல் வருமானத்தில் சங்கிலியை மீட்பதென்றும், மீதியை என் கல்லூரிப் படிப்புக்கு ஒதுக்குவதென்றும் அப்பா முடிவு செய்திருந்தார்.

தோட்டக் கணக்கை எழுதுவது என் பொறுப்பு. நீண்ட வரிக்குறிப்பேடு ஒன்றில் உரம், கூலி, டீசல், மருந்து எனத் தனித்தனிப் பக்கங்கள் வைத்திருந்தேன். பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை ‘மருந்து’ என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். உங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லைப் பற்றி நான் அதுவரை ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை.

கார்த்திகை முதல் தை முடிய, அந்தப் பக்கத்தில் பதினோரு பதிவுகள் இருந்தன. காரணம் மாவுப்பூச்சி. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே அது எங்கள் பக்கமும் வந்து சேர்ந்தது. காய்களின்மேல் பஞ்சை அப்பியதுபோல வெண்மையாகப் படர்ந்தது. ஊரே தெளித்தது, நாங்களும் தெளித்தோம். ஒரு மருந்துக்கு அடங்காதபோது வேறொன்று, அதற்கும் அடங்காதபோது இரண்டையும் கலந்து என்று தெளித்துக்கொண்டே இருந்தோம். மாவுப்பூச்சி சற்றே குறைந்தது. அப்பாவும் நானும் மூச்சுவிட்டோம்.

மஞ்சள் படர்ந்த வாரம்

மண் சாலையை ஒட்டிய முதலிரண்டு வரிசைகளில்தான் மாற்றம் தொடங்கியது. வண்டிகள் கிளப்பும் புழுதி படிந்து அந்த இலைகள் எப்போதும் மங்கலாகவே இருக்கும். அதனால் முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. பிறகு பார்த்தால், இலையின் மேற்பரப்பில் ஊசியால் குத்தியதுபோல வெளிர்ந்த புள்ளிகள். சில நாள்களில் புள்ளிகள் ஒன்றுகூடி மஞ்சளாயின. மஞ்சள் செம்பு நிறமாயிற்று. இலைகள் காய்ந்து தொங்கின. குடை சாய்ந்த மரத்தில் நிழலின்றி நின்ற காய்கள் வெயிலில் வெந்து தழும்பேறின.

“இதைவிடக் கடுமையானது ஒண்ணு வந்திருக்குதாம்” என்றார் பக்கத்துத் தோட்டத்து மாமா. அப்பா தயங்கினார். மருந்துக்கடையில் ஏற்கெனவே பற்று ஏறியிருந்தது. நான் குறிப்பேட்டைப் பிரித்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு மரத்துக்கு இத்தனை காய், ஒரு காய்க்கு இவ்வளவு விலை, மருந்துச் செலவு இவ்வளவுதான் என்று விளக்கினேன். “இன்னும் ஒருமுறை அடிச்சுப் பார்க்கலாம்ப்பா” என்று சொன்னவள் நான்தான்.

அப்பா தெளித்தார். முகத்தில் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, கையுறை ஏதுமின்றி, காற்று எதிர்த்து வீசிய பிற்பகலில் தெளித்தார். ஏழாவது வரிசையில் தெளிப்பானை இறக்கி வைத்தவர், வரப்பில் அமர்ந்தார். வாந்தி எடுத்தார். வியர்வை ஆறாய் ஓடியது. கண் தெளிவாகத் தெரியவில்லை என்றார். அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து?” என்பது. எங்களால் பெயரைச் சொல்ல முடியவில்லை. அம்மா ஊருக்குத் திரும்பி ஓடி, கிணற்றடியில் கிடந்த புட்டியை எடுத்து வந்தார். சாய்சதுரம் ஒன்றின் கீழ்ப்பாதியில் சிவப்பு முக்கோணம் அதன்மேல் அச்சாகியிருந்தது.

நம் நாட்டில் விற்கும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லிப் புட்டியிலும் அந்தச் சாய்சதுரம் உண்டு. சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் அதற்கடுத்த நிலையையும், நீலம் நடுத்தரத்தையும், பச்சை குறைந்த நச்சுத்தன்மையையும் காட்டும். மரத்துக்கு எத்தனை காய் என்று எண்ணத் தெரிந்த நான் அந்த நிறத்தின் பொருளைப் படித்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் அப்பா வீடு திரும்பினார். திண்ணையில் படுத்தபடியே தோட்டத்தைப் பார்த்தார். தெளித்த வரிசைகளில்தான் மஞ்சள் அதிகமாக இருந்தது. “இத்தனை அடிச்சும் ஏன் அம்மணி கூடிக்கிட்டே போகுது?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

எட்டுக் கால்கள்

பப்பாளி இலை ஒன்றைத் தாளில் பொதிந்து பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். எங்கள் விலங்கியல் ஆசிரியை அதை வாங்கியதும் மேற்புறத்தைப் பார்க்கவில்லை, திருப்பினார். வெள்ளைத்தாள் ஒன்றின்மேல் இலையைப் பிடித்து விரலால் தட்டினார். தூசி உதிர்ந்தது. “பொறுத்துப் பார்” என்றார். சற்று நேரத்தில் அந்தத் தூசியில் சில துகள்கள் நடக்கத் தொடங்கின.

ஆய்வகத்தின் உருப்பெருக்கியை என்னிடம் தந்தார். இலையின் அடிப்புறத்தில், நரம்புகளுக்கு இடையே மெல்லிய நூலாம்படை. அதற்குள் அரை மில்லிமீட்டர் அளவில், வெளிர்மஞ்சள் உடலின் இரு பக்கமும் கரும்புள்ளி கொண்ட உயிர்கள். பக்கத்தில் நீர்த்துளிபோலப் பளபளத்த உருண்டை முட்டைகள்.

“கால்களை எண்ணு” என்றார். எட்டு. “கணுக்காலிகள் பாடத்தில் பூச்சிக்கு எத்தனை கால் என்று எழுதினாய்?” என்று கேட்டார். ஆறு என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

அது இருபுள்ளிச் சிலந்திப்பேன். பெயரில் பேன் இருந்தாலும் அது பூச்சியன்று. சிலந்தி, தேள், உண்ணி ஆகியவற்றின் உறவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைத் தாவரங்களில் வாழக்கூடியது. இலையின் உயிரணுக்களைத் துளைத்துப் பச்சையத்தோடு சாற்றை உறிஞ்சும். ஊசி குத்தியதுபோல நாங்கள் பார்த்த ஒவ்வொரு புள்ளியும் இப்படிக் காலியான அணுக்களின் கூட்டம். வறட்சியும் வெப்பமும் புழுதியும் அதற்கு உகந்தவை. நல்ல வெயில் காலத்தில் முட்டை முதிர்ந்த உயிரியாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும். ஒரு பெண் தன் வாழ்நாளில் நூறு முட்டைவரை இடும். இணைசேராத பெண் இடும் முட்டைகளும் பொரிக்கும். அவற்றிலிருந்து ஆண்கள் மட்டும் வரும். காற்று வீசும்போது நூலிழையில் தொங்கியபடி அடுத்த மரத்துக்குப் பறக்கும்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். ஒரு தாயின் நூறு முட்டைகளில் பத்துப் பெண்கள் மட்டும் பிழைக்கின்றன என்று வைத்துக்கொண்டாலும், நான்காம் தலைமுறையில் பத்தாயிரம். அதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலமே ஆகும். அப்படியானால் உலகத்து இலைகள் எல்லாம் என்றைக்கோ காய்ந்திருக்க வேண்டுமே? அவை காயவில்லை. எனவே அந்தப் பத்தாயிரத்தை யாரோ தின்றுகொண்டிருக்க வேண்டும். அந்த யாரோ எங்கள் தோட்டத்தில் இல்லாமற் போயிருக்க வேண்டும்.

மறுநாள் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “உன் குறிப்பேட்டில் அந்தப் பதினோரு நாளும் தேதியோடு இருக்கின்றனவா?” என்று மட்டும் கேட்டார்.

ஆப்பிள் தோட்டங்களில் நடந்தது

எங்களுக்கு நேர்ந்தது புதிதன்று என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இல் பால் முல்லர் கண்டறிந்தார். அதற்காக 1948இல் நோபல் பரிசு பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அம்மருந்து மேலை நாடுகளின் ஆப்பிள் தோட்டங்களுக்குள் நுழைந்தது. பழத்தைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழு மடிந்தது. ஆனால், அதுவரை உழவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தாத சிலந்திப்பேன்கள் மரம் மரமாகப் பெருகின. டி.டி.டி. சிலந்திப்பேனைக் கொல்லவில்லை, அதைத் தின்றுவந்த பொறிவண்டுகளையும் பிற இரைவிழுங்கிகளையும் கொன்றது.

கனடாவின் நோவா ஸ்கோசியாவில் ஏ. டி. பிக்கெட் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் வேறு வழியில் சென்றனர். நன்மை செய்யும் உயிரிகளுக்கு இயன்றவரை தீங்கு நேராத மருந்துகளை, தேவையான அளவில், தேவையான நேரத்தில் மட்டும் பயன்படுத்தச் செய்தனர். அங்குள்ள அன்னபொலிஸ் பள்ளத்தாக்கின் ஆப்பிள் உழவர்கள் அம்முறையால் நல்ல விளைச்சல் கண்டனர். ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட ‘மௌன வசந்தம்’ என்னும் நூலில் இவ்வரலாறு இடம்பெற்றிருக்கிறது.

சிலந்திப்பேனையே கொல்லும் மருந்துகளும் உண்டு. அக்காலத்தில் பரவலாக விற்ற டைகோஃபால் அவற்றுள் ஒன்று. வேதியியல் முறையில் அது டி.டி.டி.யின் நெருங்கிய உறவு. நிலைத்து நிற்கும் கரிம மாசுகளைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், 2019இல் அது ஒழிக்கப்பட வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்ந்தது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் வேறொரு இடரும் வரும். நஞ்சைத் தாங்கிப் பிழைத்த சிலவே அடுத்த தலைமுறையைப் பெறுகின்றன. வாரத்துக்கொரு தலைமுறை காணும் உயிரி, அந்த எதிர்ப்பாற்றலை ஒரே பருவத்தில் தோட்டம் முழுவதும் பரப்பிவிடும்.

தெளிப்பானைக் கீழே வைத்தபின்

சித்திரை பிறப்பதற்குள் ஒரு முடிவுக்கு வந்தோம். இனிப் பார்க்காமல் தெளிப்பதில்லை. குறிப்பேட்டில் புதிய பக்கம் திறந்தேன். வரிசைக்கு ஐந்து மரம், மரத்துக்கு ஓர் இலை. தட்டினால் தாளில் எத்தனை சிலந்திப்பேன் நடக்கிறது, அவற்றைத் தின்னும் உயிர் ஏதேனும் இருக்கிறதா என்று இரண்டு கட்டங்கள். முதல் வாரம் இரண்டாவது கட்டம் முழுவதும் சுழியம்.

நூலாம்படை படர்ந்த அடியிலைகளைக் கிள்ளி, சாக்கில் கட்டித் தோட்டத்துக்கு வெளியே எரித்தோம். சாலையோரத்தில் நாள்தோறும் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினோம். காலையில் இலைகளின் அடிப்புறத்தில் படுமாறு நீரை வேகமாகப் பீய்ச்சினோம். அதிலேயே பல உதிர்ந்தன. தழைச்சத்து மிகுந்த இலை சிலந்திப்பேனுக்கு விருந்து என்பதால் யூரியா இடுவதை நிறுத்தினோம். மாவுப்பூச்சி அப்பிய காய்களைப் பறித்து அழித்தோம். சிறு திட்டுகளைச் சோப்புக் கரைசலால் கழுவினோம்.

ஆத்தா சேமித்து வைத்திருந்த வேப்பங்கொட்டை அப்போது உதவியது. பத்து லிட்டர் நீருக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பு. அதை இடித்து, துணியில் கட்டி, இரவு முழுவதும் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டினோம். கரைசல் இலையில் ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தோம். வெயிலில் வேம்பின் ஆற்றல் விரைவில் குறைந்துவிடும் என்பதால் மாலையில் தெளித்தோம். வேம்பு தொட்டதும் கொல்லும் நஞ்சன்று. உண்ணும் வேட்கையைக் குறைக்கும், வளர்ச்சியைக் குலைக்கும், முட்டையிடுவதைத் தடுக்கும். அதனால் மறுநாள் காலை தோட்டத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அதற்கடுத்த நாளும் தெரியவில்லை. அந்தக் காத்திருப்பைத்தான் நாங்கள் கற்க வேண்டியிருந்தது. கடைக்குப் போய் இன்னொரு புட்டி வாங்கிவிடலாம் என்று அம்மா ஒருநாள் அழுதார். அப்பா பதில் சொல்லாமல் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தார்.

மூன்றாவது வாரம், தோட்டத்தின் நடுவிலிருந்து என்னைக் கூவி அழைத்தார். அவர் பிடித்திருந்த இலையில், கடுகைவிடச் சிறிய கருநிற வண்டு ஒன்று சிலந்திப்பேன் கூட்டத்துக்கு நடுவே நின்று ஒவ்வொன்றாய் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஸ்டெத்தோரஸ் என்னும் பொறிவண்டு அது. அதற்கருகே, பளபளப்பான உடலோடு விரைந்து ஓடும் வேறொரு பேன். அதுவும் எட்டுக் கால் உயிரிதான், ஆனால் சிலந்திப்பேனையும் அதன் முட்டையையும் தின்பது. இவ்வினத்துப் பேன் ஒன்று சிலி நாட்டிலிருந்து வந்த ஆர்க்கிட் செடிகளோடு ஜெர்மனியை அடைந்து, 1958இல் ஆய்வாளர் கண்ணில் பட்டது. இன்று பல நாடுகளில் அதை வளர்த்து, பசுமைக்குடில்களில் சிலந்திப்பேனுக்கு எதிராக விடுகிறார்கள். எங்கள் தோட்டத்துக்கு வந்தவற்றை எவரும் கொண்டுவந்து விடவில்லை. நாங்கள் நஞ்சு தெளிப்பதை நிறுத்தியிருந்தோம். அவை வேலியோரத்துச் செடிகளிலிருந்து தாமே வந்தன. அன்றுதான் இரண்டாவது கட்டத்தில் முதன்முதலாக ஓர் எண்ணை எழுதினேன்: 2.

கந்தகத்தின் இடம்

இத்தனைக்குப் பின்னும் சாலையோரத்து இரு வரிசைகள் மீளவில்லை. அவற்றில் ஓர் இலையைத் தட்டினால் எண்ண முடியாத அளவுக்கு உதிர்ந்தன. அங்கே நனையும் கந்தகம் தெளிக்கலாம் என்றார் ஆசிரியை. கந்தகமும் வேதிப்பொருள்தான், தொன்றுதொட்டுச் சிலந்திப்பேனுக்குப் பயன்பட்டுவருவது. அதற்கும் எல்லைகள் உண்டு. கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். எண்ணெய்க் கரைசல் தெளித்த மரத்தில் இரண்டு வாரமேனும் இடைவெளி வேண்டும். நன்மை செய்யும் பேன்களையும் அது ஓரளவு தாக்கும்.

கோடை மழை பெய்து வெயில் தணிந்த வாரம்வரை பொறுத்தோம். லிட்டருக்கு இரண்டு கிராம் வீதம் கரைத்து, முதலில் நான்கு இலைகளில் மட்டும் தெளித்து மூன்று நாள் பார்த்தோம். இலை கருகவில்லை. பிறகு அந்த இரு வரிசைகளில் மட்டும் தெளித்தோம். அப்பா முழுக்கைச் சட்டையும் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, காற்றின் போக்கிலேயே நடந்தார். மற்ற முப்பத்துச் சொச்சம் வரிசைகளில் ஒரு துளியும் படவில்லை. அங்கே வண்டுகள் இருந்தன. இரு வரிசைகளுக்கு மட்டும் மருந்தடித்ததைப் பார்த்து, “என்னங்க மாப்பிள்ளை, மருந்து தீர்ந்துபோச்சா?” என்று பக்கத்துத் தோட்டத்து மாமா கேலி செய்தார்.

இலையின் மறுபக்கம்

எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். 310 மரங்களை வெட்டி அகற்றினோம். கடைப் பற்றை அடைக்கக் கறவை மாடு ஒன்றை விற்றோம். அம்மாவின் சங்கிலியை மீட்க மேலும் ஓராண்டு ஆயிற்று. ஆனால், மீதி மரங்களின் உச்சியில் வைகாசியில் விரிந்த புதிய இலைகள் இருபுறமும் பசுமையாக இருந்தன. அவற்றின் நிழலில் காய்கள் முதிர்ந்தன.

மாவுப்பூச்சியின் கதையும் அந்த ஆண்டிலேயே திரும்பியது. அதன் உடலுக்குள் முட்டையிட்டு வளரும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை 2010இல் பியூர்டோ ரிகோவிலிருந்து அறிவியலாளர்கள் வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டனர். அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே என்னும் குளவி பெரும் பயன் தந்தது. கடையில் வாங்கிய எந்தப் புட்டியும் செய்யாததை, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத அந்தக் குளவி செய்தது. மருந்து நின்ற தோட்டங்களில்தான் அதுவும் பிழைக்க முடிந்தது.

நான் வேளாண்மை படிக்கவில்லை. வணிகவியல் படித்து, திருப்பூரில் கணக்கராக இருக்கிறேன். அப்பாவைத் தெளிக்கச் சொன்ன நாளின் பக்கம் அந்தக் குறிப்பேட்டில் இன்னும் இருக்கிறது. வரவும் செலவும் அதில் சரியாகவே கூட்டப்பட்டிருக்கின்றன. இலையின் அடிப்புறத்தில் இருந்தவை மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. இப்போது அந்த நிலத்தில் எலுமிச்சையும் கொய்யாவும் நிற்கின்றன. விடுமுறையில் ஊருக்குப் போனால், அப்பா சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு முன்னே நடப்பார். ஒவ்வொரு மரத்திலும் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்து எண்ணைச் சொல்வார். நான் பின்னால் நடந்து, இரண்டு கட்டங்களிலும் எழுதிக்கொண்டு வருவேன்.